குதிரைக்காரன் எழுதிய கடிதம்

கண்ணாடி இல்லாமல் மாத்திரை அட்டையைப் படிக்க முடியாத வயசுக்கு நாமெல்லாம் வந்துவிட்டோம். நம் வகுப்பு வாட்ஸப் குரூப்பில் தினமும் பூப்படம் போட்டு காலை வணக்கம் சொல்கிறோம். யாருக்கு சர்க்கரை, யாருக்கு முட்டிவலி என்று விசாரித்துக்கொள்கிறோம். போன வாரம் உங்களில் ஒருத்தி, ஏழாம் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், பழைய ஞாபகம் ஏதாவது எழுதுங்கடி என்று போட்டாள். எல்லோரும் நெல்லிக்காயையும் கணக்கு வாத்தியார் பிரம்பையும் எழுதினீர்கள். நானும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வந்தால்தானே?

எனக்கு வரும் ஞாபகம் வேறு. அதில் உங்களில் இரண்டு பேர் இருக்கிறீர்கள். உங்கள் மேல் தப்பில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தப்பு யார் மேல் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கம்பெனிகள் வந்த புதுசு அது. எங்கள் நிலம் போயிற்று. நிலம் போன இடத்திலேயே ஒரு கம்பெனிக்குள் அப்பாவுக்குப் புல்வெட்டும் வேலை கிடைத்தது. தன் வரப்பு எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியும். அதன் மேல் இருக்கும் புல்லை அவரே வெட்டுவார். வந்த பணத்தில் வீட்டுக்குப் பக்கவாட்டில் ஆறு ரூம் கட்டி வாடகைக்கு விட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ரூமுக்கு நாலு பேர். காலை ஏ ஷிப்டுக்கு ஒருவன் எழுந்து போன பாயில், ராத்திரி சி ஷிப்டு முடித்தவன் வந்து படுப்பான். அந்தப் பாய்கள் சூடு ஆறி நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை விடவேயில்லை. கொடியில் நீலச் சட்டைகள் காயாமல் தொங்கி ஒரு ஊசல் நாற்றம் அடிக்கும். கம்பெனி பக்கமிருந்து பெயிண்டில் கலக்கும் தின்னர் வாசனை வரும். இரண்டும் கலந்த அந்த வாடை இன்றைக்கும் எங்காவது அடித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு தெரு வழியாகப் போய்விடுவேன். மற்றவர்களுக்கு மழை என்றால் மண்வாசனையாம். கொடுத்துவைத்தவர்கள்.

அத்தை அப்பாவுக்குத் தங்கை. அவர்களுக்கு மேலே பெரியப்பா. தாத்தா போனபின் வீட்டில் எல்லாம் அவர் சொன்னதுதான். அடுத்த மனையில் வீடு, இடம் வாங்கி விற்கும் தொழில், எந்நேரமும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. அத்தைக்கு அப்போது இருபத்தாறு. காஞ்சிபுரத்தில் பெண்கள் கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கியம் படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். வந்த இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். மூன்றாவதையும் சொன்னால் தோலை உரித்துவிடுவேன் என்று பெரியப்பா சொல்லிவைத்திருந்தார். விளையாட்டுக்குச் சொல்கிற ஆளில்லை அவர்.

பள்ளிக்கூடம் விட்டு நான் வந்ததும், அத்தை முறத்தில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டே கதை சொல்வாள். பேய்க்கதை, ராஜா கதை எல்லாம் கிடையாது. ஒரு வெள்ளைக்காரம்மாவின் கதை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் இருந்து நாவல் எழுதிய அம்மா. ஆனால் அத்தை பேசுவதைக் கேட்டால் அந்த அம்மா நேற்றுதான் எங்கள் குழாயில் தண்ணீர் பிடித்துப் போனது போல் இருக்கும். பெயர் அப்போது எனக்கு வாயில் நுழையவில்லை. இப்போது நுழையும், எழுத மாட்டேன். அது அத்தை சொல்ல வேண்டிய பெயர்.

பாதிரியார் வீட்டுப் பெண்ணாம். அவ்வளவு பெரிய வீட்டில் அவருக்கென்று ஓர் அறை கிடையாதாம். சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில், அப்பா எழுதி வீசிய பிரசங்கத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவாராம். யாராவது வரும் சத்தம் கேட்டால் தையல் துணியை இழுத்துத் தாள் மேல் போட்டுக்கொள்வாராம். என்னம்மா தைக்கிறாய் என்று கேட்டால், சட்டைக்குக் கை என்பாராம். எத்தனை சட்டை, எத்தனை கை என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. புத்தகம் அச்சில் வந்தபோதும் பெயர் போடவில்லை. ஊரே படித்துவிட்டு யார் எழுதியது, யார் எழுதியது என்று கேட்க, அவர்களுக்கெல்லாம் இந்தம்மாவே டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். இந்த இடம் வந்தால் அத்தை வாய்விட்டுச் சிரிப்பாள்.

கதையில் சண்டை வருமா, கொலை வருமா என்று நான் கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல பாப்பா. யாரு யாரக் கட்டிக்கறது, நெலம் யாருக்குப் போவுது, வூட்ட வுட்டு யாரு வெளிய போறது. நம்ம வூட்டுல நடக்கறதுதான். அந்தம்மா பேசாம ஒக்காந்து பாத்துகினே இருந்துக்கீது, அவ்ளோதான்."

கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நாற்பது சொச்சத்தில் செத்துப்போனார், செத்தபின் அவருடைய அக்கா ஒரு பெட்டி நிறையக் கடிதங்களைக் கணப்பில் போட்டு எரித்துவிட்டார் என்று அத்தை சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. ஏன் எரித்தாள் பாவி என்று கேட்டேன். மானத்துக்கு என்றாள் அத்தை. செத்தவளுக்கு ஏது மானம், இருக்கிறவர்கள் மானம்தான் என்றாள். அடுப்படியிலிருந்து அம்மாவுக்கு இது காதில் விழுந்துவிட்டது. கல்யாணம் ஆகாமல் செத்தவள் கதைதான் கிடைத்ததா பிள்ளைக்குச் சொல்ல என்று ஒரு பாட்டம் கத்தினாள்.

கதை சொன்னதோடு அத்தை நிற்கவில்லை. அந்த அம்மாவின் நாவல் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தாள். கல்லூரி டீச்சரம்மா தன்னுடைய சொந்தப் புத்தகத்தைக் கொடுத்து, பொங்கலுக்குள் முடித்துக் கொண்டுவா, மெட்ராசில் அச்சுக்குக் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். அச்சில் வந்துவிட்டால் அதைக் காட்டிக் கல்லூரியில் ஒரு வேலை. வேலை கிடைத்தால் அங்கேயே விடுதியில் ஓர் அறை. அந்த அறைக்காகத்தான் அத்தை எழுதினாள் என்று இப்போது தோன்றுகிறது. அந்த நாவலை ரசித்தாள், சரி. ஆனால் அறைக்குத்தான் ஏங்கினாள்.

தாள் வாங்க அம்மாவிடம் காசு கேட்டால் ஏன், எதற்கு என்று வரும். நாலாம் ரூமில் ஒரு திருநெல்வேலி அண்ணன் இருந்தார், கார் சீட்டு செய்யும் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். தேதி முடிந்த செக் ஷீட்டுகளைக் கம்பெனியில் கட்டுக்கட்டாகத் தூக்கிப் போடுவார்கள். ஒரு பக்கம் முழுக்கக் கட்டம், ஓகே, நாட் ஓகே என்று டிக், அடியில் அவர் கையெழுத்து. பின்பக்கம் வெள்ளை. நான்தான் போய் வாங்கி வருவேன். அவர் வாசலிலேயே நின்று கொடுப்பார், மேலே ஒரு கடலைமிட்டாய் வைப்பார். அத்தை எழுதிய அந்த மூன்று மாதத்தில் அவளும் அவரும் ஒரு வார்த்தை பேசி நான் பார்க்கவில்லை. பேசியிருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்காது. வீட்டில் எல்லோருக்கும் நடுவே புகுந்து புகுந்து திரிந்தவள் நான்.

வெள்ளைக்காரம்மாவுக்குத் தையல் துணி, அத்தைக்கு முறம். தரையில் தாளை வைத்து எழுதுவாள். யாராவது வந்தால் முறத்தை மேலே இழுத்துவிட்டுக் கல் பொறுக்குவாள். அவள் எழுதிய தாள் எதை எடுத்தாலும் தவிடு உதிரும். எங்கள் வீட்டில் அந்த மூன்று மாதம் சோற்றில் ஒரு கல் கிடையாது.

எல்லா அத்தியாயமும் முடிந்து கடைசி இரண்டுதான் பாக்கி. அதில் ஒரு கடிதம் வருகிறது. குதிரைப் பண்ணை வைத்திருக்கும் ஒருத்தன், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித்தரும் ஒருத்திக்கு எழுதுகிறான். கட்டிக்கொள்கிறாயா என்று கேட்கிறான். அந்தக் கடிதத்தில் அத்தை மாட்டிக்கொண்டாள். நாலு நாள் ஒரு வரிகூட நகரவில்லை.

என்ன அத்தை, கஷ்டமான வார்த்தையா என்று கேட்டேன்.

"ரொம்ப சுளுவான வார்த்த. இங்கிலீஷ்ல நீங்கறதுக்கும் நீங்கங்கறதுக்கும் ஒண்ணேதான் கீது. நம்மகிட்ட ரெண்டு. இவன் அவள நீன்னு சொல்லுவானா, நீங்கன்னு சொல்லுவானா?"

கட்டிக்கப் போகிறவன் நீ என்றுதானே சொல்வான் என்றேன். இன்னும் கட்டிக்கொள்ளவில்லையே, இப்போதுதானே கேட்கிறான், கேட்கிறவன் எப்படி நீ என்று கேட்பான் என்றாள். அப்படியானால் நீங்க என்று போடு என்றேன். போட்டால் தாசில்தாருக்கு மனு எழுதுகிற மாதிரி இருக்கிறது என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, அரிசியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நம்ம வார்த்த பொல்லாத வார்த்த பாப்பா. மரியாதிக்கும் நீங்கதான். ஒருத்தர ஒதுக்கி வெக்கறதுக்கும் அதே நீங்கதான்."

கடைசியில் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தாள். ஒரு செக் ஷீட்டில் 'நீங்கள்' போட்டு ஒன்று. இன்னொன்றில் அதே கடிதம் 'நீ' போட்டு. இரண்டையும் முறத்தடியில் வைத்து, எது நன்றாக இருக்கிறது என்று ஒரு வாரம் யோசிப்பதாகச் சொன்னாள். ஒரு வாரம் யோசிக்க விட்டார்களா!

இப்போது உங்களிடம் வருகிறேன். உங்களில் ஒருத்தியின் அப்பா கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்தார். கொரியாக்காரர் ஒருவர் அவருக்குக் கொடுத்த பென்சில் டப்பாவை நீ வகுப்புக்குக் கொண்டுவந்தாய், ஞாபகம் இருக்கிறதா? மூடியை அழுத்தினால் உள்ளிருந்து ரப்பர் எழும்பி வரும். ஒரு வாரம் பள்ளிக்கூடமே உன் பின்னால் சுற்றியது. எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் வீட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று யோசித்தேன். அத்தையின் புத்தகம் இருந்தது. அட்டையில் தொப்பி போட்ட வெள்ளைக்காரம்மா படம், அரசி மாதிரி. காலையில் அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் வைத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது?

வகுப்பில் காட்டினேன். இவங்க எங்க அத்தை ஃப்ரெண்டு என்று அளந்தேன். பென்சில் டப்பாக்காரி புத்தகத்தைப் பிடுங்க, ஜன்னலோரத்துக்காரி எனக்குக் காட்டு எனக்குக் காட்டு என்று இழுக்க, நான் விடமாட்டேன் என்று பிடிக்க, அட்டை கிழிந்தது. வெள்ளைக்காரம்மாவின் முகத்துக்குக் குறுக்கே, நெற்றியிலிருந்து தாடைவரை. நீங்கள் இருவரும் பயந்து விட்டுவிட்டீர்கள். நான் முதலிலேயே விட்டிருக்கலாம்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. சோற்றுப் பருக்கையால் ஒட்டி, மேலே பழுப்புக் காகித அட்டை போட்டுவிட்டால் தெரியுமா? டீச்சரம்மா புத்தகம் என்று அத்தை அதன் ஓரத்தைக்கூட மடக்க மாட்டாள். என்னை அவள் அடித்ததே கிடையாது. அடித்தால்கூடப் பரவாயில்லை, பேசாமல் இருந்துவிட்டால்? அந்தப் பயம்தான். வேறு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் வாசலில் பெரியப்பாவின் செருப்பு.

மூன்றாவது மாப்பிள்ளை வீட்டார் மறுநாள் வருவதாக இருந்தது. அதற்காக வீட்டைக் கூட்டிப் பெருக்கிய அம்மா முறத்தைத் தூக்கியிருக்கிறாள். மேலாக இருந்தவை அந்த இரண்டு தாள்கள்தான். அம்மா கொஞ்சம் படித்தாள், பெரியப்பாவைக் கூப்பிட ஆள் அனுப்பினாள். நான் உள்ளே நுழைந்தபோது அத்தை சுவரோரம் நின்றிருந்தாள். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. அப்பா புல் ஒட்டிய கையோடு நிலைப்படியில் நின்றார்.

பெரியப்பா உரக்கப் படித்தார். "உங்கள் வாசலில் மூன்று முறை குதிரையை நிறுத்திவிட்டு, இறங்காமலே திரும்பிப் போனவன் நான். உங்களிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது." குதிரை என்றால் என்ன என்று அம்மாவைப் பார்த்தார். வண்டியைச் சொல்கிறான் போல என்றாள் அம்மா. நாலாம் ரூம் அண்ணனிடம் ஒரு பழைய யமஹா இருந்தது. பெரியப்பா தாளைத் திருப்பினார். பின்பக்கம் அண்ணனின் கையெழுத்து, கோணல் இல்லாமல் பளிச்சென்று இருந்தது. இரண்டாவது தாளைப் படித்தார், அதையும் திருப்பினார். அதிலும் இருந்தது. அப்புறம் கேட்ட கேள்வி என் காதில் இன்னும் இருக்கிறது.

"மொதக் காயிதத்துல 'உங்கள் வாசல்'. ரெண்டாவதுல 'உன் வாசல்'. நடுவுல இன்னாடி நடந்துச்சு?"

இரண்டும் ஒரே கடிதம்தான், கதையில் வருவது, இங்கிலீஷில் ஒரே வார்த்தைதான் இருக்கிறது, எது பொருந்தும் என்று எழுதிப் பார்த்தேன், இது என் கையெழுத்து அண்ணா என்று அத்தை நிதானமாகத்தான் சொன்னாள். பெரியப்பாவுக்கு அதுதான் ஆத்திரத்தைக் கிளப்பியது. பெற்ற அப்பனுக்கும் தெருவில் போகிறவனுக்கும் ஒரே வார்த்தை வைத்திருக்கிற பாஷை உலகத்தில் உண்டா, யார் காதில் பூ சுற்றுகிறாய் என்று கத்தினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்கு வார்த்தைதான் தொழில். யாரை எப்போது நீ என்பது, யாரை எப்போது நீங்க என்பது என்று பார்த்துப் பார்த்து இடம் வாங்கி விற்றவர்.

பரணில் கட்டி வைத்திருந்த மற்றத் தாள்களை அத்தை காட்டினாள்; அதன் பின்பக்கமும் அவன் கையெழுத்துதானே என்று தள்ளிவிட்டு, அந்தக் காயிதம் உனக்கு எப்படி வந்தது என்று பெரியப்பா கேட்டார். அத்தை என் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பையைக்கூட இறக்காமல் நின்றிருந்தேன். நானேதான் போய் வாங்கினேன் என்றாள். இன்னொரு அறை விழுந்தது.

"புக்கு இருக்குதுண்ணா. அதுல இந்த லெட்டர் கீது. டீச்சரம்மாவ வேணா கேளு."

அவளும் கல்யாணம் ஆகாதவள்தானே, அவள் வேறு என்ன சொல்வாள் என்றார் பெரியப்பா. "சரி, புக்க எடு. அதுல மட்டும் இருந்துச்சுன்னா உன் கால்ல வுழறேன் நானு."

அத்தை டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். துணியையெல்லாம் எடுத்து வெளியே போட்டாள். பாய்க்கு அடியில் பார்த்தாள், அரிசிப் பானைக்குப் பின்னால் பார்த்தாள். என் எதிரில் வந்து குந்தினாள்.

"பாப்பா, புக்க நீ எங்கனா பாத்தியா?"

என் முதுகில் இருந்தது. பையின் வார் தோளில் அழுத்திக்கொண்டிருந்தது. பாத்தியா என்ற கேள்விக்கு, ஆமாம் அத்தை, கிழிச்சிட்டேன் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

"இல்ல அத்த" என்றேன்.

அவள் என்னை நம்பினாள். உடனே எழுந்து மறுபடியும் பெட்டியில் தேடப் போனாள்.

அன்று சாயங்காலம் நாலாம் ரூம் அண்ணன் ஷிப்டு முடிந்து வந்து பஸ் இறங்கிய இடத்திலேயே பெரியப்பாவின் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். இழுத்து வந்து எங்கள் வாசல் சேற்றில் போட்டு மிதித்தார்கள். "காயிதந்தான் அண்ணாச்சி கொடுத்தேன். அதுல என்ன எழுதியிருக்குன்னுகூட எனக்குத் தெரியாது" என்று அவர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பொறுத்தவரை அது முழு உண்மை. பெட்டியைத் தூக்கித் தண்ணீரில் எறிந்தார்கள். விலாவைப் பிடித்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்து போனார். அப்புறம் அவர் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. மற்ற ரூம்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஷிப்டு போக வேண்டியவர்கள், அவர்களை என்ன சொல்ல?

மூன்றாவது மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதே. மார்கழி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பெரியப்பா அலைந்து ஓர் ஆளைப் பிடித்தார். வாலாஜாபாத் பக்கம், சைக்கிள் கடை, முதல் பெண்டாட்டி செத்து ஒரு பெண்குழந்தை. பின்னால் தெரிந்து தகராறு வரக்கூடாது என்று விஷயத்தை அவரே மாப்பிள்ளையிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டார். யோக்கியமாம். அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அவளை யாரும் கேட்கவில்லை. பதினைந்து நாள் அவளை வாசல்படி தாண்ட விடவில்லை. அந்தப் பதினைந்து நாளும் என்னிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள், புத்தகம் எங்காவது தட்டுப்பட்டதா என்று. நான் ஒவ்வொரு முறையும் தேடுகிற மாதிரி நடித்தேன். மாட்டுக் கொட்டகை கூரைச் சந்தில் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் செருகி வைத்திருந்தேன். நாள் ஆக ஆகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. முதல் நாள் சொல்லியிருந்தால் அட்டையைக் கிழித்த குற்றம் மட்டும்தான்.

கல்யாணத்தன்று விடியலிலும் மழை. விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. பெண்ணுக்குத் தலைக்கு ஊற்ற வெந்நீர் போட வேண்டும், அடுப்பு பிடிக்கவில்லை. பரணில் கயிறு கட்டிக் கிடந்த அத்தையின் தாள்களை அம்மா இறக்கினாள். கெட்ட எண்ணத்தில் செய்தாள் என்று சொல்ல மாட்டேன், அவளுக்கு அது காய்ந்த காகிதம். பத்துப் பத்தாக உருவி அடுப்பில் வைத்தாள். தவிடு பொரிந்து வாசனை வந்தது. அத்தை தோளில் துண்டோடு குளிக்க வந்தவள், அடுப்பைப் பார்த்து நின்றாள். ஒரு தாளில் ஓகே, ஓகே என்று டிக்குகள் கறுத்துச் சுருண்டதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

"அந்தம்மாவுக்கு செத்த பின்னாடி எரிச்சாங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "எனக்கு முன்னாடியே ஆயிடுச்சு."

அந்த வெந்நீரில்தான் குளித்தாள்.

அதற்கப்புறம் சொல்ல என்ன இருக்கிறது? சைக்கிள் கடைக்காரர் கொலைகாரர் இல்லை. குடித்தால் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், 'லெட்டர்காரி' என்பார். அந்தத் தெருவிலும் அதுவே பெயராயிற்று. பால்காரன்கூட லெட்டர்காரி வீடு என்றுதான் அடையாளம் சொல்வான். தான் எழுதாத கடிதத்துக்கு, பெயர் போடாமல் எழுதிய இன்னொருத்தியின் கடிதத்துக்கு, இவள் பெயர் போயிற்று.

அப்பா சாவதற்கு முன் ஒரு நாள், நான் கேட்காமலே சொன்னார். அது தங்கச்சி கையெழுத்துதான், பார்த்ததுமே எனக்குத் தெரியும், அண்ணனை எதிர்த்துப் பேச வாய் வரவில்லை என்றார். கோபம் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நான் யார் அவரைக் கேட்க? அவர் காலைப் பிடித்துவிட்டேன்.

புத்தகம் என்னிடமே இருந்தது. கல்யாணமாகிப் போன வீட்டுக்கும் புடவைக்கு நடுவே கொண்டுபோனேன். அதைப் படிக்கும் அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வந்தபோது முப்பது தாண்டிவிட்டது. அந்தக் கடிதம் அதில் இருந்தது. குதிரை, வாசல், மூன்று முறை, எல்லாம் இருந்தது. ஓரத்தில் அத்தை பென்சிலால், குண்டு குண்டாக, 'நீ?' என்றும் அதன் கீழே 'நீங்கள்?' என்றும் எழுதியிருந்தாள். எந்தக் குழந்தையிடம் காட்டினாலும் புரிந்திருக்கும். பெரியப்பாவுக்கும் புரிந்திருக்கும்.

போன மாதம் அத்தையைப் பார்க்கப் போனேன். சைக்கிள் கடைக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய முதல் தாரத்துப் பெண்தான் அத்தையைச் சேரப்பணஞ்சேரியில் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். அந்தப் பெண் ஒரகடத்தில் கம்பெனி வேலை, ஷிப்டுக்குப் போயிருந்தாள். அத்தைக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். கையெல்லாம் ஊசி குத்திய கறுப்பு. என்னைப் பார்த்ததும், "இன்னா பாப்பா, இப்டி எளச்சிட்ட? நீ சாப்புடறியா இல்லியா?" என்றாள். நாற்பது தாண்டிய என்னைப் பாப்பா என்று கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்?

டீ போட்டுக் கொடுத்தேன். பேசிக்கொண்டிருந்தோம். அந்த வெள்ளைக்காரம்மாவை அத்தை மறக்கவேயில்லை. அந்தக் கடிதத்தில் நீங்கள் என்றே போட்டிருக்க வேண்டும் பாப்பா, தாசில்தார் மனு மாதிரி இருந்தாலும் பரவாயில்லை, இப்போது நினைத்தால் அதுதான் சரி என்று தோன்றுகிறது என்றாள், நேற்று விட்ட வேலையைப் போல. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

பழுப்பு அட்டையை அத்தை தடவிப் பார்த்தாள். பிரித்தாள். கிழிந்த முகம். சோற்றுப் பருக்கை ஒட்டிய இடம் மஞ்சள் பூத்திருந்தது. பக்கங்களைப் புரட்டித் தன் பென்சில் எழுத்து இருந்த இடத்துக்கு நேராகப் போனாள்.

"எங்க கெடச்சிது?"

"எங்கயும் கெடைக்கல அத்த. அன்னைக்கி நீ கேட்டப்ப என் பைக்குள்ளதான் இருந்துச்சு. முதுகுல மாட்டிகினு நின்னேன். கிழிச்சிட்டேன்னு பயம்."

அத்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். பக்கத்தின் ஓரத்தில் இருந்த அந்த இரண்டு வார்த்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே கம்பெனி பஸ் ஒன்று வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"இருட்டப் போவுது. நீங்க கெளம்புங்க."

நான் எழுந்திருக்கவில்லை. அவள் மறுபடி சொன்னாள், குரலை உயர்த்தாமல், வாசலுக்கு வந்த வேற்றாளிடம் சொல்கிற மாதிரி.

"புக்கு இங்கயே இருக்கட்டும். நீங்க போயிட்டு வாங்க."

டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டேன்.